பிக்கிள்பால் டீம் லீக்: தோற்கிற ஜோடிக்கும் அங்கே வேலை உண்டு

கேட்டவர் டல்லாஸ் புறநகரில் இருக்கிறார். சில மாதங்களாக வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் பிக்கிள்பால் ஆடி வருகிறார். பேடில் என்ற சின்ன மட்டையால் துளையுள்ள பிளாஸ்டிக் பந்தை நெட்டுக்கு மேலே அடித்து ஆடும் விளையாட்டு அது. கூட ஆடுகிறவர்கள் அடுத்த சீசனுக்கு 3.0 டிவிஷனில் ஒரு டீம் சேர்க்கிறார்கள், இவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். "டீம் லீக் எப்படி நடக்கும்? டோர்னமெண்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? 3.0 என்றால் என்ன? எல்லாவற்றுக்கும் மேலாக, நான் தோற்று, என்னால் டீமும் தோற்றால் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

சேருங்கள் என்பதுதான் என் பதில். உங்களைத் தயங்கவைப்பது அந்தக் கடைசிக் கேள்விதான் என்று தெரிகிறது. அதற்கான விடை லீக்கின் ஸ்கோர் கணக்கிலேயே இருக்கிறது. அந்தக் கணக்கு விளங்க வேண்டும் என்றால் லீக்கின் அமைப்பை முதலில் பார்த்துவிட வேண்டும்.

இப்போது பூங்காவில் நீங்கள் ஆடுவது ஓப்பன் பிளே. பேடிலை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள், முறை வந்ததும் யார் அமைகிறார்களோ அவர்களோடு ஆடுகிறீர்கள், 11 பாயிண்ட் முடிந்ததும் நெட்டுக்கு மேலே பேடில்களைத் தட்டிக்கொண்டு அடுத்தவர்களுக்கு இடம் விடுகிறீர்கள். யார் ஜெயித்தார்கள் என்பது வீடு போய்ச் சேருவதற்குள் மறந்துவிடும். டோர்னமெண்ட் வேறு மாதிரி. நீங்களும் பார்ட்னரும் மட்டும்தான், ஒரே நாளில் வரிசையாக ஆட்டங்கள், பல இடங்களில் இரண்டு முறை தோற்றால் கிளம்ப வேண்டியதுதான். லேடர் லீக் என்றும் ஒன்று உண்டு. அதில் வாரா வாரம் நான்கு பேர் ஒரு கோர்ட்டில் பார்ட்னரை மாற்றி மாற்றி ஆடுவார்கள். அதிகப் பாயிண்ட் எடுத்தவர் அடுத்த வாரம் ஒரு கோர்ட் மேலே போவார், குறைவாக எடுத்தவர் ஒரு கோர்ட் கீழே இறங்குவார். அது முழுக்க முழுக்கத் தனியாள் கணக்கு.

டீம் லீக்கில் நான்கு முதல் எட்டுப் பேர் வரை ஒரு டீம். ஒரு பெயர், ஒரு கேப்டன், வாரத்தில் ஒரு நாள், அன்றைக்கு ஒரே ஓர் எதிரணி. எட்டு டீம் இருந்தால் எல்லாரையும் ஒருமுறை சந்திக்க ஏழு வாரம் ஆகும். அதற்குப் பிறகு மேலே இருக்கும் டீம்களுக்கு ஒன்றிரண்டு வாரம் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்று. டீம்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் வாரத்துக்கு ஒரு டீமுக்கு ஓய்வு வரும். மொத்தத்தில் ஒரு சீசன் என்பது ஏறக்குறைய இரண்டு மாத விஷயம். ஒரு வாரம் மோசமாக ஆடினாலும் அடுத்த வாரம் திரும்ப வரலாம் என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்தது. டோர்னமெண்ட் அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

இதை நடத்துகிறவர்கள் பல வகை. ஊரின் பூங்கா, பொழுதுபோக்குத் துறை நடத்துவது ஒன்று. சாஃப்ட்பால், வாலிபால் லீக் நடத்தும் அதே அலுவலகம்தான் இதையும் நடத்தும். கட்டணம் குறைவு, விதிகள் எளிமை, சேருவதற்கு உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. இரண்டாவது தனியார் கிளப்கள். உள்ளரங்கக் கோர்ட், நல்ல விளக்கு, அதற்கேற்ற கட்டணம். மூன்றாவது, குடியிருப்புச் சங்கங்களும் ஓய்வுபெற்றவர்களின் குடியிருப்புகளும் தங்களுக்குள் ஆடும் இன்டர்கிளப் லீக். இதில் ஒரு வாரம் உங்கள் கோர்ட்டில், மறு வாரம் அவர்கள் கோர்ட்டில். வழக்கமாகச் சொந்தக் கோர்ட் டீம்தான் புதுப் பந்து எடுத்து வைக்கும், தண்ணீர் வைக்கும், ஆட்டம் முடிந்ததும் ஏதாவது சாப்பாடும் போடும். இந்த மூன்றாவது வகையில்தான் நட்பு அதிகம் வளர்கிறது என்பது என் அபிப்பிராயம். எதிரணியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால், அடுத்த முறை கோட்டில் விழுந்த பந்துக்கு யாரும் கத்திப் பேசுவதில்லை.

சரி, 3.0 என்ற எண்ணுக்கு வருவோம். அமெரிக்காவில் இந்த விளையாட்டின் விதிகளை வகுப்பது யுஎஸ்ஏ பிக்கிள்பால் என்ற அமைப்பு. 1984-இல் வேறு பெயரில் தொடங்கியது. திறமையை அரை அரைப் புள்ளியாக 2.5, 3.0, 3.5, 4.0 என்று பிரிக்கும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. 3.0 ஆட்டக்காரர் என்றால் விதிகள் தெரியும், ஸ்கோர் சொல்லத் தெரியும், செர்வ் பெரும்பாலும் உள்ளே விழும், ஃபோர்ஹேண்ட் சுமாராக வரும், பேக்ஹேண்ட் என்றால் கொஞ்சம் ஒதுங்குவார், நெட்டுக்குப் பக்கத்தில் மெதுவாகத் தட்டும் டிங்க் ஆட்டத்தை நீண்ட நேரம் இழுக்க முடியாது. 3.5-இல் பந்தை நினைத்த பக்கம் அனுப்பத் தெரிந்திருக்கும், எப்போது முன்னால் போவது என்ற நிதானமும் வந்திருக்கும். 4.0-இல் எதிராளியின் பலவீனத்தைக் கண்டுபிடித்து அங்கேயே திரும்பத் திரும்ப அடிப்பார்கள்.

சில ஊர் லீக்குகளில் நீங்களே உங்கள் ரேட்டிங்கை எழுதிக் கொடுத்தால் போதும். பல கிளப்கள் இப்போது டூப்பர் (DUPR) என்ற ரேட்டிங் செயலி தரும் எண்ணைக் கேட்கின்றன. அது 2.000-இலிருந்து 8.000 வரை மூன்று தசம இடத்தோடு வரும் எண். நீங்கள் யாரோடு ஆடினீர்கள், என்ன ஸ்கோர் என்பதை வைத்து அந்தச் செயலியே கணக்கிடும். ஆட்டங்கள் பதிவாகாதவரை உங்களுக்கு எண்ணே இருக்காது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம், லீக் ஆடினாலே எண் வந்துவிடும். இன்னும் சில லீக்குகள் தனித்தனியாகப் பார்க்காமல் நான்கு பேரின் எண்ணையும் கூட்டி வரம்பு போடுகின்றன. மொத்தம் 14-ஐத் தாண்டக் கூடாது என்றால் சராசரி 3.5. அதில் ஒரு 4.0 ஆளை வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் ஒரு 3.0 ஆளும் அந்த டீமுக்குத் தேவை. அப்படிப்பட்ட லீக்கில் உங்களைப் போன்ற ஒருவரைத் தேடிக்கொண்டு அலைவார்கள்.

இங்கே ஒரு கெட்ட வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 3.5 ஆடத் தெரிந்தவர் வேண்டுமென்றே 3.0-இல் பெயர் கொடுத்துப் பரிசுக் கோப்பையோடு போவதைச் சாண்ட்பேக்கிங் என்பார்கள். புதிதாக வந்தவர்களை விளையாட்டை விட்டே துரத்துவது இதுதான். பொறுப்பான லீக் என்றால் முதல் இரண்டு வாரத்திலேயே ஸ்கோர்களைப் பார்த்து, எல்லாரையும் 11-1, 11-2 என்று அடிப்பவரை மேல் டிவிஷனுக்கு மாற்றிவிடும். நீங்கள் சேரும் லீக்கில் அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அந்த லீக்கை நம்பலாம்.

இனி ஆட்ட நாள். மூன்று ஜோடிகள் கொண்ட டீமை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஜோடியையும் ஒரு லைன் என்பார்கள். முதல் லைன், இரண்டாம் லைன், மூன்றாம் லைன். கேப்டன்கள் இருவரும் லைனப்பை எழுதி ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்வார்கள். எதிரணியின் தாளைப் பார்த்துவிட்டு உங்கள் தாளைத் திருத்த முடியாது. பிறகு உங்கள் முதல் லைன் அவர்கள் முதல் லைனோடு, இரண்டாவது இரண்டாவதோடு, மூன்றாவது மூன்றாவதோடு, பக்கத்துப் பக்கத்துக் கோர்ட்டில் ஒரே நேரத்தில் இறங்கும். லைனுக்கு இரண்டு கேம் என்று வைத்தால் மொத்தம் ஆறு கேம். சில லீக்குகளில் மூன்று கேமில் இரண்டை ஜெயித்தவருக்கு லைன் என்று இருக்கும். வேறு சில லீக்குகளில் உங்கள் ஒவ்வொரு ஜோடியும் அவர்களுடைய மூன்று ஜோடியோடும் ஆட வேண்டும், அப்போது ஒன்பது கேம். 11 பாயிண்ட் கேம் ஒன்றுக்குக் கால் மணி முதல் இருபது நிமிடம் பிடிக்கும், எனவே எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடியும்.

கலப்பு லீக்குகளில் மேஜர் லீக் பிக்கிள்பால் அமைப்பைப் பின்பற்றுவதும் உண்டு. 2021-இல் தொடங்கிய தொழில்முறை லீக் அது. இரண்டு ஆண், இரண்டு பெண் கொண்ட டீம். ஒரு பெண்கள் இரட்டையர், ஓர் ஆண்கள் இரட்டையர், இரண்டு கலப்பு இரட்டையர். இரண்டுக்கு இரண்டு என்று சமமாக நின்றால் டிரீம்பிரேக்கர். அதாவது 21 பாயிண்டுக்கு ஒற்றையர் ஆட்டம், நான்கு பாயிண்டுக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். டிரீம்பிரேக்கரைப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஐம்பது வயதுக்காரரை இரவு ஒன்பது மணிக்கு ஒற்றையர் ஓடவைப்பது பொழுதுபோக்கு லீக்குக்குத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். சமமானால் மொத்தப் பாயிண்டைக் கூட்டிப் பார்க்கும் முறையே போதும்.

அந்த மொத்தப் பாயிண்ட்தான் உங்கள் கேள்விக்கான விடை. ஒரு மாலை ஆட்டத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். உங்கள் முதல் லைன் 11-3, 11-4 என்று ஜெயிக்கிறது. இரண்டாம் லைன் 9-11, 11-8 என்று ஒன்று தோற்று ஒன்று ஜெயிக்கிறது. நீங்கள் இருக்கும் மூன்றாம் லைன் 7-11, 9-11 என்று இரண்டையும் தோற்கிறது. கேம் கணக்கில் மூன்றுக்கு மூன்று. இப்போது பாயிண்டைக் கூட்டுங்கள். உங்கள் டீம் 58, அவர்கள் 48. ஆட்டம் உங்களுக்கு.

அதே மாலையில் உங்கள் லைன் சோர்ந்துபோய் 1-11, 2-11 என்று தோற்றிருந்தால்? மற்ற நால்வரும் எடுத்த 42-உடன் உங்கள் மூன்றைச் சேர்த்தால் 45. அவர்கள் அதே 48. ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கும். இரண்டு கணக்கிலும் நீங்கள் இரண்டு கேமும் தோற்றவர்தான். ஒன்றில் டீமை ஜெயிக்கவைத்தவர், இன்னொன்றில் இல்லை. இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், அன்று உங்கள் லைன் இரண்டு கேமிலும் சேர்த்து ஏழே ஏழு பாயிண்ட் எடுத்திருந்தாலே போதும். கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட்டுக்காகக் கடைசி விக்கெட் ஜோடி எடுக்கும் இருபது ரன்னை நாம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, அதே கதைதான்.

எல்லா லீக்கிலும் இதே கணக்கு என்று சொல்ல முடியாது. சில லீக்குகளில் ஜெயித்த கேம் ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் ஒரு புள்ளி. அங்கே மாட்ச் தோற்றாலும் எடுத்த கேம்கள் சேர்ந்துகொண்டே வரும். வேறு சில லீக்குகளில் மாட்ச் ஜெயித்தால் மட்டுமே புள்ளி, பாயிண்ட் வித்தியாசத்தைச் சீசன் கடைசியில் சமநிலை முறிக்க மட்டும் பார்ப்பார்கள். எப்படி இருந்தாலும் 9-11 என்பதும் 2-11 என்பதும் ஒன்றில்லை. ஓப்பன் பிளேயில் 2-8 என்று பின்தங்கியதும் "சரி, அடுத்த கேம் பார்க்கலாம்" என்று தளர்ந்துவிடுகிறோம். லீக்கில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

அதற்கு ஆட்டத்தில் என்ன செய்யலாம் என்றும் சொல்கிறேன். வழக்கமான ஸ்கோர் முறையில் செர்வ் போடும் அணிக்கு மட்டுமே பாயிண்ட். எதிரணி செர்வ் போடும்போது நீங்கள் ராலியை ஜெயித்தால் உங்களுக்குப் பாயிண்ட் வராது. ஆனால் அவர்களுக்கும் வராது, அவர்கள் ஜோடியில் இருவரும் செர்வை இழந்ததும் செர்வ் உங்கள் கைக்கு வரும். இன்னொரு விதியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். செர்வ் ஒருமுறை தரையில் பட வேண்டும், திரும்பி வரும் பந்தும் ஒருமுறை பட வேண்டும், அதன் பிறகுதான் யாரும் வாலி அடிக்கலாம், அதாவது பந்தைத் தரையில் படவிடாமல் அடிக்கலாம். அதனால் செர்வ் போட்டவர்கள் உடனே முன்னால் ஓட முடியாது, கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனிலேயே நிற்க வேண்டும். ரிட்டர்ன் அடித்தவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே செர்வைப் பெறும் பக்கத்துக்குத்தான் இந்த விளையாட்டில் சாதகம், டென்னிஸுக்கு நேர் மாறு.

பலம் குறைந்த ஜோடி பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். ரிட்டர்னைப் பேஸ்லைன் வரைக்கும் ஆழமாக, மெதுவாக, உயரமாகப் போடுங்கள். வேகமாக அடித்தால் நீங்கள் முன்னால் போவதற்குள் பந்து திரும்பி வந்துவிடும். மெதுவாக மிதந்து போகும் பந்து உங்களுக்கு நேரம் வாங்கித் தரும். அடித்த கையோடு நடந்து கிச்சன் கோட்டுக்கு வந்துவிடுங்கள். கிச்சன் என்பது நெட்டிலிருந்து ஏழடி, அதற்குள் நின்று வாலி அடிக்கக் கூடாது. அந்தக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நீங்களும் பார்ட்னரும் ஒரே வரிசையில் நின்றுவிட்டால், எதிரணி 4.0 ஆக இருந்தாலும் அவர்கள்தான் கடினமான பந்தை அடிக்க வேண்டியிருக்கும். மூன்றாவது அடியை நெட்டில் அடிப்பார்கள், உயர்த்தி விடுவார்கள், பாதி நேரம் அவர்களே தவறு செய்வார்கள். ஒரு கேமை 11-2-இலிருந்து 11-7-க்கு நகர்த்த வேறு பெரிய வித்தை வேண்டியதில்லை. ஆழமான ரிட்டர்ன், முன்னால் வருவது, செர்வை வெளியே அடிக்காமல் இருப்பது, இந்த மூன்றும் போதும்.

டைம்அவுட்டையும் மறக்க வேண்டாம். 11 பாயிண்ட் கேமில் அணிக்கு இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். தொடர்ந்து நான்கு பாயிண்ட் போனால் எடுத்துவிடுங்கள். புதியவர்கள் கூச்சப்பட்டு எடுக்காமலே கேமை முடித்துவிடுகிறார்கள்.

லைனப் விஷயத்தில் ஒரு தந்திரம் உங்கள் காதுக்கு வரும். பலவீனமான ஜோடியை முதல் லைனில் போட்டு எதிரணியின் சிறந்த ஜோடிக்குப் பலி கொடுப்பது, நம் சிறந்த ஜோடியை இரண்டாம் லைனில் வைத்து எளிதாக ஜெயிப்பது. விதி தடுக்காத இடத்தில் அது ஏமாற்று இல்லை. ஆனாலும் சேர்ந்த புதிதில் வாரா வாரம் பலியாகப் போகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல லீக்குகள் லைனப்பை ரேட்டிங் வரிசையில்தான் போட வேண்டும் என்று வைத்திருக்கின்றன, அதாவது முதல் லைனின் கூட்டு எண் இரண்டாம் லைனைவிடக் குறையக் கூடாது. அப்போது 3.0 ஆள் 3.0 ஆளோடுதான் மோதுவார், ஆட்டமும் ஆட்டமாக இருக்கும்.

டீமில் எட்டுப் பேர் இருந்து ஆறு பேருக்குத்தான் ஒரு நாளில் இடம் என்றால் யார் உட்காருவது என்ற கேள்வி வரும். கேப்டனின் குணம் தெரிவது இங்கேதான். ஒவ்வொருவரும் சீசனில் குறைந்தது இத்தனை மாட்ச் ஆட வேண்டும் என்று விதியே போட்டிருக்கும் லீக்குகள் உண்டு, அந்த மாட்ச்களை ஆடாதவருக்குப் பிளேஆஃபில் இடம் கிடையாது. விதி இல்லாத இடத்திலும் சுற்று முறையில் எல்லாரையும் இறக்கும் கேப்டன்தான் நல்ல கேப்டன். ஜெயிப்பதற்காக அதே ஆறு பேரை வாரா வாரம் இறக்கினால், ஐந்தாவது வாரம் ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்கு அலுவலகப் பயணம் என்று வரும்போது, பெஞ்சில் இருக்கும் இருவரும் சூடு இல்லாமல் நிற்பார்கள், அல்லது கோபத்தில் வரவே மாட்டார்கள். ஜோடிகளை அடிக்கடி மாற்றுவதும் சரியில்லை. ஒருவர் இடக்கை, ஒருவர் வலக்கை என்றால் நடுவில் வரும் பந்தை யார் எடுப்பது என்று பழகவே இரண்டு மூன்று மாட்ச் ஆகும்.

ஆள் குறைந்தால் சப், அதாவது மாற்று ஆள், கூப்பிடலாம். சப்புக்கு அநேகமாக எல்லா இடத்திலும் ஒரே நிபந்தனைதான்: யாருக்குப் பதிலாக வருகிறாரோ அவரைவிட ரேட்டிங் அதிகம் இருக்கக் கூடாது. பிளேஆஃபில் வெளி ஆள் கூடாது என்று பட்டியலை முன்கூட்டியே மூடிவிடுவார்கள். நேரத்துக்கு வராத ஜோடிக்குப் பத்து, பதினைந்து நிமிடம் அவகாசம், அதன் பிறகு அந்த லைன் ஃபோர்ஃபீட். ஃபோர்ஃபீட் என்றால் 0-11 என்று பதிவாகும், பாயிண்ட் கணக்கில் அது என்ன சேதம் செய்யும் என்று மேலே பார்த்தோம். வர முடியாது என்று தெரிந்த நொடியே டீமின் வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிடுங்கள். நீங்கள் தோற்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் வராமல் இருந்தால் கோபித்துக்கொள்வார்கள், அது நியாயமும்கூட.

நடுவர் கிடையாது என்பது பலருக்கும் முதலில் ஆச்சரியமாக இருக்கும். உங்கள் பக்கம் விழும் பந்தை நீங்கள்தான் அவுட் என்று சொல்ல வேண்டும், அவர்கள் பக்கம் விழுவதை அவர்கள். சந்தேகம் வந்தால் பந்து உள்ளே. கோட்டைத் தொட்டாலும் உள்ளே, செர்வ் மட்டும் கிச்சன் கோட்டில் பட்டால் ஃபால்ட். ஒரு தருணம் அடிக்கடி வரும். பேஸ்லைனில் பந்து விழுகிறது, உங்கள் பார்ட்னர் கையை உயர்த்தி "அவுட்" என்கிறார், உங்கள் கண்ணுக்குக் கோட்டில் பட்டதாகத் தெரிகிறது. அங்கே வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. "நான் உள்ளே பார்த்தேன்" என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு பார்ட்னரும் வேறு வேறாகப் பார்த்தாலே அது சந்தேகம், பந்து உள்ளே, பாயிண்ட் அவர்களுக்கு. விதியும் அப்படித்தான் சொல்கிறது. பந்து தரையில் படுவதற்கு முன் பார்ட்னரிடம் "அவுட்" என்று கத்துவது வேறு, அது "அடிக்காதே" என்ற தகவல் மட்டுமே, அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

டீம் லீக்கில் இதோடு இன்னொரு சிக்கல் சேர்கிறது. உங்கள் டீம் ஆட்கள் வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பந்து விழுந்ததும் அங்கிருந்து "அவுட், அவுட்" என்று குரல் வரும். அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது, அவர்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்கவும் கூடாது. கைதட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும்படி கேப்டன் முதல் வாரமே சொல்லிவிட்டால் நல்லது. எதிராளி கிச்சனுக்குள் கால் வைத்து வாலி அடித்ததை நீங்கள் சுட்டிக்காட்டலாம். அவர் மறுத்தால் சண்டை வேண்டாம், அந்த ராலியைத் திரும்ப ஆடுவதுதான் முறை.

ஸ்கோரைச் சத்தமாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். நம் பாயிண்ட், அவர்கள் பாயிண்ட், எத்தனையாவது செர்வர் என்று மூன்று எண். ஆட்டம் 0-0-2 என்று தொடங்கும். ஓப்பன் பிளேயில் முணுமுணுத்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். லீக்கில் 6-5 என்பதா 5-6 என்பதா என்ற குழப்பம் வந்தால் அங்கே நடுவர் இல்லை, எழுதிவைத்த தாளும் இல்லை, நான்கு பேரின் ஞாபகம்தான். கேம் முடிந்ததும் இரு தரப்பும் சேர்ந்து தாளில் எழுதி, இரண்டு கேப்டனும் பார்த்த பிறகு செயலியில் ஏற்றுவார்கள்.

டெக்சாஸ் என்பதால் வெயிலைப் பற்றியும் சொல்கிறேன். கோடையில் திறந்தவெளி லீக் என்றால் விடிகாலை அல்லது விளக்கு போட்ட பிறகு. வெளிக் கோர்ட்டுக்கு நாற்பது துளைப் பந்து, கெட்டியானது. உள்ளரங்கப் பந்தில் பொதுவாக இருபத்தாறு துளை, கொஞ்சம் மென்மை. வெயிலில் பந்து இளகும், குளிரில் விரிசல் விட்டு உடையும். பழக்கம் இரண்டுக்கும் வேண்டும். மழை பெய்து நின்ற கோர்ட்டில் யார் வற்புறுத்தினாலும் ஆடாதீர்கள், ஈரக் கோர்ட்டில் கால் வழுக்கும். தலைக்கு மேல் போகும் லாப் பந்தைத் துரத்திப் பின்னோக்கி ஓடி, மல்லாந்து விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொள்வது இந்த விளையாட்டில் சாதாரணமாக நடக்கிறது. உடம்பைத் திருப்பிக்கொண்டு ஓடுங்கள், அல்லது அந்தப் பாயிண்டை விட்டுவிடுங்கள். ஒரு பாயிண்ட் எவ்வளவு முக்கியம் என்று இவ்வளவு நேரம் சொன்ன நானே இதையும் சொல்கிறேன்.

பேடிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எப்படியும் கேட்பீர்கள். அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கும் பேடில்தான் வேண்டும் என்று சில லீக்குகள் சொல்லும். இப்போது வைத்திருப்பது அதில் இருந்தால் அதுவே போதும், 3.0-இல் விலை உயர்ந்த பேடிலால் பெரிய மாற்றம் வராது. காலணியில் செலவு செய்யுங்கள். ஓட்டத்துக்கான ஷூ பக்கவாட்டு நகர்வுக்குத் தாங்காது, கோர்ட் ஷூ வாங்கிக்கொள்ளுங்கள்.

1965 கோடையில் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிட்சர்டும் பில் பெல்லும் ஒரு பழைய பாட்மிண்டன் கோர்ட்டில் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பொழுது போகட்டும் என்று தொடங்கியது இது. சீக்கிரமே பார்னி மெக்கலமும் சேர்ந்துகொண்டார். நீங்கள் நிற்கும் கோர்ட் இன்றைக்கும் பாட்மிண்டன் இரட்டையர் கோர்ட்டின் அளவுதான், இருபதுக்கு நாற்பத்து நான்கு அடி. சின்னவரும் பெரியவரும் ஒன்றாக ஆடுவதற்காகவே விதிகளை அமைத்தார்கள். தாத்தாவும் பேத்தியும் ஒரே லைனில் ஆடும் டீம்கள் இந்த நாட்டு லீக்குகளில் இருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

உங்களைக் கூப்பிட்டவரிடம் பதில் சொல்லுமுன் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த நாள், எத்தனை வாரம். டீமில் மொத்தம் எத்தனை பேர், எனக்கு எத்தனை வாரம் ஆட்டம் கிடைக்கும். லைனப் ரேட்டிங் வரிசையிலா, கேப்டன் இஷ்டத்திலா. சமமானால் பாயிண்டைக் கூட்டுவார்களா. என் பார்ட்னர் யார், சீசனுக்கு முன் அவரோடு இரண்டு மூன்று முறை ஆடிப் பார்க்க முடியுமா. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டாலே கேப்டனுக்கு உங்கள் மேல் மரியாதை வந்துவிடும். இரண்டு மாதம் முழுக்க உறுதி கொடுக்க முடியாத நிலை என்றால் சப் பட்டியலில் பெயர் கொடுங்கள். முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே யாராவது ஒரு டீமிலிருந்து அழைப்பு வரும், இரண்டு டீமுக்கு ஆடிப் பார்த்துவிட்டு அடுத்த சீசனில் பிடித்த டீமில் சேரலாம்.